கொத்தனார் வருமுன் பேச வேண்டிய அளவு

பக்கவாதத்திற்கோ இடுப்பெலும்பு முறிவிற்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்புவோருக்காகப் பல குடும்பங்கள் குளியலறையை மாற்றியமைக்கின்றன. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் பெரும்பாலும் பேசப்படுவன டைல்ஸின் நிறமும் மொத்தத் தொகையுமே. முதலில் பேச வேண்டியது நோயாளிக்கு ஏற்ற அளவு என்பதே என் கருத்து.

சக்கர நாற்காலி தடையின்றி நுழையக் கதவின் திறப்பு 90 செ.மீ. இருத்தல் நலம். ஓரடி உயர வாசலுக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். சுருக்கினால் தள்ளுபவருக்கும் அமர்ந்திருப்பவருக்கும் ஆபத்து. கைப்பிடிக் கம்பியைச் சுவரில் ஆழத் துளையிட்டுப் பொருத்த வேண்டும். தடுமாறும் உடலின் முழு எடையையும் அது தாங்கியாக வேண்டும்.

"எத்தனையோ வீடு கட்டியவன் நான்" என்பார் ஒப்பந்தக்காரர். அவ்வனுபவம் மதிக்கத்தக்கதே. ஆயினும் நோயாளியின் கை எட்டும் உயரத்தை அவர் அறியார். அதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, ஒப்பந்தத் தாளில் எழுதிச் சேருங்கள்.

பணத்தைத் தவணைகளாகவே கொடுங்கள். நோயாளி, துணைக்கு ஒருவர் அருகில் நிற்க, கம்பியைப் பற்றித் தாமே அமர்ந்து எழுந்த பின்னரே இறுதித் தவணையை வழங்குங்கள். குறை தென்பட்டால் அன்றே திருத்தச் சொல்லலாம். முழுப் பணமும் கைமாறிய பின் ஒப்பந்தக்காரரைத் தேடி அலைய நேரும்.