வாலாட்டிக்கும் வயல் வேண்டும்

திருவனந்தபுரத்தில் வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயல்களுக்குக் குளிர்காலந்தோறும் மஞ்சள் வாலாட்டிகள் வருகின்றன. ஈர மண்ணில் பூச்சி பொறுக்கும் இந்தச் சிறு பறவைக்குப் பூங்காவின் மரநிழல் போதாது. திறந்த வயல் வேண்டும். வயல் போனால் பறவை வேறிடம் போய்விடாதா என்பார்கள். வேறிடமும் சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வட அமெரிக்காவே சாட்சி. வலசை போகும் சிட்டுகள் உள்ளிட்ட அங்குள்ள புல்வெளிப் பறவைகளின் எண்ணிக்கை 1970-க்குப் பின் 53 விழுக்காடு சரிந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நெல் கட்டுப்படியாகவில்லை என்ற உழவரின் முறையீடு நியாயமானது. 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதைத் தடுக்கிறது. தடை மட்டும் யார் வீட்டிலும் உலை வைக்காது. 2020-இல் கேரள அரசு வயல் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ராயல்ட்டி தரத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் மழைவெள்ளத்தைத் தாங்கி நகரைக் காக்கும் நிலத்துக்கு அது மிகச் சொற்பம். அதைப் பல மடங்கு உயர்த்த வேண்டும்.