கருப்புப் பூச்சுக்கு அடியில்



இலக்கணமும் தேர்வு வழிகாட்டியும் எழுதிவந்த இப்பக்கத்தில் மகிழுந்தின் அடிப்பாகத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆனால், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரியும் நம்மில் பலர் நாள்தோறும் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில்தான் போய்வருகிறோம். போட்டிகளுக்கு மாணவர்களையும் அதே வண்டியில்தான் ஏற்றிச் செல்கிறோம். ஆதலால் இது நமக்கும் உரிய செய்தியே.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மகிழுந்தைப் பட்டறையில் உயர்த்தினார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்ம் கருகருவென்று புதியதுபோல் தோன்றியது. பட்டறைக்காரர் திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினார். அது உள்ளே இறங்கிவிட்டது. "மேல பார்த்தா புதுசு மாதிரி இருக்கு சார், உள்ள பூரா துரு" என்றார். அதற்கு முந்திய வாரந்தான் கதை சொல்லும் போட்டி முடிந்து நான்கு மாணவர்களை அதே வண்டியில் அழைத்து வந்திருந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் பணம் கொடுத்து நானே அடித்த அண்டர்கோட் அது. சேற்றையும் பழைய துருவையும் நீக்காமல் மேலேயே பீய்ச்சியிருக்கிறார்கள். தார் கலந்த அத்தடித்த பூச்சு காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும். வெடிப்பின் வழியே புகும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். நம் நாட்டில் பனியில்லை, சாலையில் உப்புத் தூவுவதில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கடற்காற்றில் உப்பு உண்டு. செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரமும் ஒருவகைக் குளோரைடு உப்பே. சேற்றோடு அது இரும்பில் ஒட்டினால் துரு விரைந்து பரவும்.

எனவே என் கருத்து இதுதான்: சஸ்பென்ஷன் பாகங்களுக்குத் தடித்த கருப்பு அண்டர்கோட் வேண்டவே வேண்டாம். அது துருவைத் தடுப்பதைவிட மறைப்பதையே திறம்படச் செய்கிறது.

துளை விழுந்த பாகத்திற்கு எப்பூச்சும் வலிமை தராது. ஆகவே, இரு பக்க லோவர் ஆர்மையும் மாற்றினேன். பின் அச்சில் மேலோட்டமான துருவே இருந்ததால் அதற்கு என்ன பூசலாம் என்ற வினா எழுந்தது. உடன் பணிபுரியும் நண்பர் பவுடர் கோட்டிங்கைப் பரிந்துரைத்தார். மணல் பீய்ச்சித் தூய்மையாக்கிய இரும்பில் அது நெடுநாள் நிலைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஏறக்குறைய 180 முதல் 200 பாகை வெப்பத்தில் சுடவேண்டும். ரப்பர் புஷ்களை முன்னதாகவே கழற்றியாக வேண்டும். கல்பட்டுப் பெயர்ந்தால் வீட்டில் அதே பூச்சைக் கொண்டு சரிசெய்யவும் இயலாது.

மற்றொருவர் எல்லாவற்றையும், ஸ்பிரிங் உட்பட, துத்தநாகத்தில் முக்கிவிடலாம் என்றார். ஸ்பிரிங்கில் மட்டும் இவ்விளையாட்டு கூடாது. உருகிய துத்தநாகத்தின் வெப்பம் ஏறக்குறைய 450 பாகை. ஸ்பிரிங்கிற்கு ஆலையில் கொடுத்த பதம் அதில் கெட்டுவிடும். அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசினாலோ ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். பிறகு ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியும். ஆலைப் பூச்சு உரிந்த இடத்தை மட்டும் மெல்லத் துடைத்துப் பெயின்ட் தீட்டினால் போதும்.

பின் அச்சைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய்ப்பசை நீக்கி, இருபாக எபோக்சி பிரைமர் பூசி, அதன்மேல் சாதாரணப் பெயின்ட் அடித்தோம். உட்கூட்டினுள் மெழுகு எண்ணெய் பீய்ச்சினோம். நீர் வடியும் துளைகளை அடைக்கவில்லை. திருகு மரைகளிலும் ரப்பரிலும் பெயின்ட் படாமல் காகித நாடா ஒட்டினோம். (இவ்வேலைக்கே பாதி நாள் போயிற்று.)

நிறம் மட்டும் வெளிர்சாம்பல்தான் வேண்டும் என்றேன். வண்டிக்கடியில் யார் சார் சாம்பல் அடிப்பார்கள் என்று பட்டறைக்காரர் சிரித்தார். மூன்றாம் மாதம் குனிந்து பார்த்தபோது, கல்பட்ட ஓரிடத்தில் இருபது சென் காசளவுக்குத் துரு பளிச்செனத் தெரிந்தது. தேய்த்துப் பூச அரைமணி நேரங்கூட ஆகவில்லை.