கம்பெனி பெயரில் களவாணிகள்

ராஜபாளையம் மில் தொழிலாளியின் போனஸுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயத் தொழிலாளியின் அறுவடைக் கூலிக்கும் புதிதாக ஒரு பங்காளி முளைத்திருக்கிறான். பேர்பெற்ற பங்குக் கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் திருடிக்கொண்டு வாட்ஸ்அப்பில் வருகிறான். முதலில் சில நூறு ரூபாய் லாபமென்று தருவான். அது தூண்டில் புழு. பிறகு செல்போன் திரையில் லாபம் லட்சமாக வளரும். எடுக்கப் போனால், "முதலில் வரி கட்டு" என்பான்.

2024 ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தையின் நிர்வாக இயக்குநர் ஆஷிஷ்குமார் சவுகானின் முகத்தையும் குரலையுமே போலியாகச் செய்து படம் விட்டார்கள். சந்தையே எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது. பெரிய மனிதர் கதியே இப்படி!

தோழர்களே, கவனியுங்கள். பெயர் கம்பெனியுடையது, பணம் போய்ச் சேரும் கணக்கோ யாரோ ஒரு தனி ஆளுடையது. பல சமயம் அவனும் திருடனல்ல. சில ஆயிரம் ரூபாய்க்காகப் பாஸ்புக்கையும் சிம் கார்டையும் கொடுத்துவிட்ட இன்னோர் ஏழை. போலீஸ் முதலில் வந்து நிற்பது அவன் வாசலில்தான். கூலிக்காரன் கணக்கில் திடீரென்று லட்சம் லட்சமாய்ப் பணம் வந்து போகும்போது பாங்கி ஏன் கேள்வி கேட்பதில்லை? நகைக் கடனில் தவணை தவறினால் மட்டும் நோட்டீஸ் அனுப்பத் தெரிகிறதே!

பறிகொடுத்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்தால், பணம் அடுத்த கைக்குப் போகுமுன் அந்தக் கணக்கை முடக்க வழியுண்டு.