பாட்டு மட்டும் போதுமாம்!

செத்தவரைப் புகழ்வதில் நம்ம ஊர்க்காரர்கள் கஞ்சத்தனம் காட்டுவதே இல்லை. உயிரோடு இருந்தவரைக்கும் தெருவுக்குள் விடாதவனும், செத்த பிறகு மாலையோடு வந்து நிற்பான். கே.ஏ.குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் இறந்தார். அன்றிலிருந்து 'நாட்டுப்புறக் கலைஞர்', 'மக்கள் பாடகர்', 'மண்ணின் மைந்தர்' என்று எத்தனையோ பட்டங்கள். சாதி இந்து ரசிகர்களின் வாயில் ஒரு சொல் மட்டும் வர மாட்டேன் என்கிறது. தலித் என்ற சொல்.

கே.ஏ.ஜி. 1955இல் இதே சிவகங்கைச் சீமையில், இளையான்குடி பக்கம் மாரந்தையில் பிறந்தவர். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனவர். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' இவர் குரலில்தான் சேரி சேரியாகப் பரவியது. புத்தகம் படிக்காத நம்ம ஆளுகளுக்குக் கேசட்டில் வந்த அரசியல் வகுப்பு அது. 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார். 2005இல் 'வடு' எழுதினார். உதவித்தொகைக்காகப் பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லி எழுப்பி நிற்க வைத்த அவமானத்தை அதில் பதிந்து வைத்தார். இத்தனையையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு நல்ல குரல். அது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும்.

காரைக்குடியில் ஒரு கல்லூரிக் கலைவிழா. நம்ம பையன் ஒருத்தன் கே.ஏ.ஜி. நினைவாகப் பாட மேடை ஏறினான். "ரெண்டு வார்த்தை பேசிட்டுப் பாடுறேன் சார்" என்றான். "பேச்செல்லாம் வேணாம்ப்பா, பாட்டு மட்டும் போதும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உக்காந்திருக்கு" என்றார் பொறுப்பாளர். பாடினான். அத்தனை பேரும் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். எதற்குத் தட்டினோம் என்று ஒருத்தரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் கேட்கிறேன்: நாங்களும் மனுசங்கதான் என்று ஒருத்தன் கத்த வேண்டி வந்தது யாரால்? அதைச் சொன்னால் விழா கெட்டுப் போகும் என்றால், அந்த விழா யாருக்கு?

இந்த மண்ணில் நமக்கு இசை சும்மா கிடைக்கவில்லை. சிவகங்கையும் காரைக்குடியும் அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள். நகை போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. 1931இல் அது பதினொன்றாக வளர்ந்தது. கல்யாணத்தில் மேளம் வைக்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று. ஹட்டன் என்ற வெள்ளைக்காரர் இதையெல்லாம் சாதி பற்றிய தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவன் வீட்டுச் சாவுக்கு நாம் அடிக்க வேண்டும், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் அடிக்கக்கூடாது! அந்த ஆணை போட்ட சீமையிலிருந்து, கால் நூற்றாண்டுக்குள் பிறந்த ஒருத்தர் மேடை ஏறி மைக் பிடித்தார். அவர் பாட்டை வெறும் கிராமிய மணம் என்று முகர்ந்து பார்ப்பது அயோக்கியத்தனம் இல்லையா?

'நாட்டுப்புறம்' என்ற சொல்லை அவரும் பயன்படுத்தினார், மறுக்கவில்லை. நாட்டுப்புறவியல் படித்தவர், அதைப் பாடமாக நடத்தியவர். ஆனால் நாட்டுப்புறத்துக்குள் ஊர் வேறு, சேரி வேறு என்று சொல்லத் தயங்காதவர். இவர்களோ அந்தச் சொல்லைப் போர்வையாக்கிச் சேரியை மூடுகிறார்கள்.

பறைக்கும் இதே கதிதான். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். நகரத்துப் பிள்ளைகள் வார விடுமுறையில் பறை பழகுகிறார்கள், பழகட்டும். ஆனால் ஊரில் சாவு விழுந்தால் "கொட்டுக்காரனை வரச் சொல்லு" என்ற குரல் இன்னும் ஓய்ந்ததா? மேடையில் அடித்தால் கலை, இழவு வீட்டில் அடித்தால் கடமை. தோலும் அதே, கையும் அதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கே.ஏ.ஜி. இறந்த அதே நாளில்தான் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா உயிரை விட்டார். ஒருவர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வாழ்ந்து காட்டியவர், இன்னொருவர் பல்கலைக்கழகம் வாழ விடாத ஆய்வு மாணவர். கே.ஏ.ஜி. படத்துக்கு மாலை போடும் எத்தனை மேடைகளில் ரோஹித் பெயர் கேட்கிறது? போடுகிறவர்களுக்குச் சங்கடம்.

சாதி இந்து ரசிகரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நமக்கு வேலை மிச்சம். தோழர்களே, மாணவர்களே, நாமும் படத்தைப் பெரிதாக்கி பிளெக்ஸ் அடிப்பதோடு நின்றுவிடக் கூடாது. சேரியில் நாற்று நட்டுக்கொண்டே பாடின நம்ம அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கையில்தான் செல்போன் இருக்கிறதே, அவர்கள் பாட்டைப் பிடித்து வையுங்கள், பாடினவர் பெயரோடும் ஊரோடும். மேடையில் பாடக் கூப்பிட்டால் பேசிவிட்டுத்தான் பாடுவேன் என்று சொல்லுங்கள். இழவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தும் ஊரில், அடிக்க மாட்டேன் என்கிறவன் பக்கம் போய் நில்லுங்கள்.

பாட்டு மட்டும் போதாது.