விழப்போற பல்லுதானே?

ஏழு வயது மகளின் கடைவாய்ப் பல்லில் கறுப்பாகக் குழி. 'பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்' என்று சும்மா இருந்துவிட்டேன். சாக்லேட் சாப்பிட்டாலே கூசுது என்று அழுதபோதுதான் பல் டாக்டரிடம் ஓடினேன். "இது பால் பல் இல்லேம்மா. எந்தப் பல்லும் விழாமலே ஆறு வயசில் பின்னால் முளைக்கிற நிரந்தரப் பல். போனால் வராது" என்றார். பகீரென்றது! நல்லவேளை, குழியை அடைத்துக் காப்பாற்றிவிட்டார்.

காலையில் தேய்த்தால் போதும் என்று நினைக்கிறோம். ராத்திரிதான் ரொம்ப முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைவதால், பல்லில் ஒட்டிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கி அரித்துவிடும். இப்போது கடைவாயை நானே ஃப்ளூரைடு பேஸ்ட்டால் தேய்த்து விடுகிறேன். அப்புறம் தண்ணீர் மட்டும்தான். பால், பிஸ்கட் கிடையாது. தாய்மார்களே, உங்கள் குழந்தையின் வாயை இன்றே வெளிச்சத்தில் பாருங்கள்!

- ஒரு வாசகி, திருச்சி