காய்ச்சல் இறங்குற நேரத்துல வார்டுல எத்தனை நர்ஸ்?

மழைக்காலம் வந்தா போதும். காய்ச்சல் முகாம், நிலவேம்புக் கசாயம், கொசுப் புகை, அமைச்சர் போட்டோ எல்லாம் வரிசையா வரும். "நிலைமை கட்டுக்குள் உள்ளது"ன்னு அறிக்கையும் வந்துடும். குழந்தைகள் வார்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு யார் இருக்காங்கன்னு எந்த அறிக்கையிலாவது படிச்சிருக்கீங்களா தோழர்களே?

டெங்குவையே எடுத்துக்குங்க. மூணுல இருந்து ஏழு நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கும். பிள்ளைக்குச் சரியாயிடுச்சுன்னு அம்மா அப்பதான் கண் அசருவாங்க. ஆபத்து ஆரம்பிக்கிறதும் அப்பதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துல ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியலாம். விடாத வாந்தி, வயித்து வலி, கை கால் சில்லிடுறது, சிறுநீர் குறையுறது, பி.பி.யோட மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி 20-க்கு இறங்குறது... இதைப் பிடிக்கப் பல கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். திரும்பத் திரும்ப வந்து பார்க்கிற, பழகின கண்ணு வேணும். குழந்தை கைக்கு ஏத்த சின்ன பி.பி. கஃப் வேணும். (பெரியவங்க கஃபைச் சுத்தினா அளவே தப்பா காட்டும்.) சலைன் குறைஞ்சா ஷாக், கூடினா நுரையீரல்ல நீர். எடை பார்த்து அந்தக் கணக்கைப் போடத் தெரியணும்.

ஒரு மதியம் ஹால்ல ஸ்லைடு ஓட்டி, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பினா இது வந்துடுமா? கட்டில் பக்கத்துல, சீனியர் சிஸ்டர் கூட நின்னு கத்துக்கணும். வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறதும், கையில சாவியைத் திணிக்க வர்ற தாத்தாவைத் திட்டாம தடுக்கிறதும் பயிற்சிதான்.

"பயிற்சி கொடுத்தாச்சு"ம்பாங்க. சரி, யாருக்கு? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டுல 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மத்த மருத்துவமனையில 5 பேருக்கு ஒருத்தர்ங்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல். காய்ச்சல் சீசன்ல போய் எண்ணிப் பாருங்க. 2015-ல எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஜெயிச்சு வந்தவங்களுக்குக் கொடுத்தது மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்டு 2017-ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல உட்கார்ந்தாங்க. ஆட்சி மாறுச்சு, தொகை கூடுச்சு, தொகுப்பூதியம்ங்கிற சொல் மட்டும் போகலை. நல்லா கத்துக்கிட்ட நர்ஸ் வேற வேலை தேடிப் போகாம என்ன செய்வாங்க?

நம்ம கோரிக்கை: மழைக்கு முன்னாடியே வார்டுல வெச்சுப் பயிற்சி, அதைப் பணி நேரமா கணக்கு வைக்கணும், காலியிடத்தை நிரந்தரப் பணியா நிரப்பணும்.

உங்க ஊர் ஜி.எச். குழந்தைகள் வார்டுல எத்தனை படுக்கை, நைட் ஷிஃப்ட்ல எத்தனை நர்ஸ்? 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்க, பதிலைக் கமெண்ட்ல போடுங்க. வார்டுக்குள்ள போய் வீடியோ எடுத்து அந்த சிஸ்டர்களைத் தொல்லை பண்ணாதீங்க. பதில் சொல்ல வேண்டியவங்க கோட்டையில இருக்காங்க.

#குழந்தைகள்வார்டுக்கு_நர்ஸ்எங்கே