காப்பீட்டு ஒப்பந்தம்: நிரூபிக்க வேண்டியவர் யார்?

காப்பீட்டுத் துறையைப் பொறுத்தவரை, ‘சீர்திருத்தம்’ என்ற சொல்லுக்கு ஒன்றிய அரசின் அகராதியில் ஒரே பொருள்தான் இருந்து வருகிறது. அந்நிய நேரடி முதலீட்டு வரம்பு தொடக்கத்தில் 26 சதவீதம். 2015இல் 49 ஆனது. 2021இல் 74 ஆனது. 2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில் 100 சதவீதம் என அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பாலிசிதாரர் நலனே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் பாலிசிதாரரும் நிறுவனமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எந்தச் சட்டத்தின்படி நடக்கிறது, பணம் தர மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு எதுவரை உண்டு என்ற கேள்விகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன.

நம் நாட்டில் காப்பீட்டு ஒப்பந்தத்துக்கெனப் பொதுவான தனிச்சட்டம் இல்லை. கடல்சார் காப்பீட்டுக்கு மட்டும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மற்றவை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும், 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் சில பிரிவுகளையும், ஆங்கிலேய நீதிமன்றங்கள் வகுத்த பழைய கோட்பாடுகளையும் சார்ந்தே நடக்கின்றன. அவற்றுள் முதன்மையானது ‘உச்சபட்ச நன்னம்பிக்கை’ என்பது. காப்பீடு கோருபவர், கேட்டாலும் கேட்காவிட்டாலும், முக்கியமான விவரங்கள் அனைத்தையும் தாமே சொல்லிவிட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நிறுவனம் ஒப்பந்தத்தையே மறுக்கலாம்.

இக்கோட்பாட்டின் மூலம் 1766இல் லண்டனில் மான்ஸ்பீல்டு பிரபு அளித்த தீர்ப்பு. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டைக்கு ஆளுநராயிருந்த கார்ட்டர், கோட்டை ஐரோப்பிய எதிரியிடம் வீழ்ந்தால் இழப்பீடு பெறக் காப்பீடு எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். வேடிக்கை என்னவெனில், வழக்கில் வென்றவர் கார்ட்டரே! நன்னம்பிக்கை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். பின்வந்தவர்கள் அதில் பாதியை வசதியாக மறந்துவிட்டனர்.

ஒரு கட்டுமானத் தொழிலாளியோ சிறு வணிகரோ பாலிசி எடுப்பது எப்படி என்பது எல்லாரும் அறிந்ததே. ஆங்கிலப் படிவத்தை முகவர் நிரப்புகிறார். காட்டிய இடத்தில் இவர் கையெழுத்திடுகிறார். பிரீமியம் வாங்கும்போது எந்தச் சோதனையும் பெரிதாக நடப்பதில்லை. பணம் கேட்டு வரும்போதுதான் புலனாய்வு தொடங்குகிறது. பழைய மருந்துச் சீட்டுகள் தோண்டி எடுக்கப்படுகின்றன. விபத்தில் இறந்தவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததா என்று ஆராயும் விநோதமும் நடக்கிறது.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஓரளவு பாதுகாப்புத் தந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்றாண்டுகள் கடந்தால் எக்காரணம் கொண்டும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே பிரிவில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்றாண்டுகளுக்குள் மோசடி என்று நிறுவனம் குற்றம் சாட்டினால், பாலிசிதாரர் உயிருடன் இல்லாதபோது அதைப் பொய்யென நிறுவும் பொறுப்பு பயனாளிகளைச் சாரும் என்கிறது அது. மோசடி என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது சட்டத்தின் பாலபாடம். இங்கோ, கணவரின் மனதில் அன்று என்ன இருந்தது என்பதற்கு விதவை சாட்சியம் தேட வேண்டும். சாதாரணத் தவறு என்றால் கட்டிய பிரீமியத்தை 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்றால் அந்தக் கடமையும் இல்லை. எந்தச் சொல்லை நிறுவனம் தேர்ந்தெடுக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கு 60 மாதங்கள் கடந்தபின், நிறுவப்பட்ட மோசடி தவிர வேறு காரணம் காட்டி மறுக்கலாகாது என்று 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதற்கு முன் 96 மாதங்கள். நல்லதுதான், ஆனால் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. ஆணையம் கொடுத்ததை ஆணையமே திரும்பப் பெறலாம்.

நீதிமன்றம் இருக்கிறதே எனலாம். அடித்தளத்தில் இயங்கும் கடை என்று தெரிந்தே, நேரில் பார்வையிட்டும், தனியார் நிறுவனம் ஒன்று 2012இல் தீக்காப்பீடு விற்றது. கடை எரிந்தபின், அடித்தளத்துக்குப் பாலிசி பொருந்தாது என்ற விலக்குப் பிரிவைக் காட்டியது. அப்பிரிவு செல்லாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022இல். பொதுத்துறையும் இதற்கு விலக்கில்லை என்பதை மறைக்கலாகாது. 2009இல் அமெரிக்கப் பயணத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, அங்கு மாரடைப்புக்கு ஆளானவருக்குப் பொதுத்துறை நிறுவனமே பணம் மறுத்தது. அவருக்கு நீதி கிடைத்தது 2021இல். பொதுத்துறையைக் காக்கப் போராடுகிறவர்களே இந்தப் போக்கையும் உரக்கக் கண்டிக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தை ஏற்றது. ஆனால் அத்தகைய விதிகளைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே உண்டு; ஏழை எளியோர் நாடும் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை.

கோட்பாட்டைப் பெற்றெடுத்த பிரிட்டனே 2012இல் தனிநபர் காப்பீட்டில் அதைக் கைவிட்டது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதிலளித்தால் அங்கு போதும். கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு விகிதாசாரக் குறைப்பு முறை உண்டு: உண்மை தெரிந்தால் 10,000 வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 8,000 வாங்கியிருந்தால், ஐந்தில் நான்கு பங்கு இழப்பீடு தர வேண்டும். ஆஸ்திரேலியா 1984லேயே இதற்கெனச் சட்டம் இயற்றிவிட்டது.

கேளாத கேள்விக்குப் பொறுப்பில்லை. மரணத்துக்கோ இழப்புக்கோ தொடர்பில்லாத பிழையைக் காட்டிப் பணம் மறுக்கலாகாது. முகவர் செய்த தவறு நிறுவனத்தின் தவறே. மோசடியை நிரூபிப்பது நிறுவனத்தின் கடமை. இவற்றைக் கொண்ட காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். 45ஆவது பிரிவின் அந்த வாசகத்தை நீக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வரித் திருத்தம் போதும்.

இதற்கிடையில் கிளைகள் செய்யக்கூடியதும் உண்டு. மறுப்புக் கடிதத்தோடு வரும் குடும்பத்துக்கு முதலில் முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேட்டுப் பெற்றுத் தர வேண்டும். அதில் இருப்பது யார் கையெழுத்து என்று பார்க்க வேண்டும். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட ஓராண்டு அவகாசம் உண்டு; கட்டணமில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டுகள். துக்கத்தில் இருக்கும் வீடுகளில் இந்த நாட்கள் தெரியாமலே ஓடிவிடுகின்றன.